2238-வது வரி

யூனிக்ஸ் பத்தி யார் பேசினாலும் ஒரு கமென்ட் கட்டாயம் வந்துடும். "இது உங்களுக்குப் புரியும்னு நாங்க எதிர்பார்க்கல" என்பதுதான் அதோட பொருள். 1975-ல் பெல் லேப்ஸ்ல இருந்து வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு, அதன் கெர்னல் கோடுல இருக்கு.

சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜான் லயன்ஸ், இந்த கெர்னல் கோடுக்கு வரி எண் போட்டு மாணவர்களுக்காக ஒரு விளக்கவுரை எழுதினார். அதில் இந்த கமென்ட் 2238-வது வரி.

இதைத் திமிர்னு நினைக்கிறவங்க நிறைய. ஆனா அவங்க மேல இருக்கிற வரிகளைப் படிச்சிருக்க மாட்டாங்க. ஒரு ப்ராசஸை நிறுத்திட்டு இன்னொண்ணை ஓடவிடுற இடம் அது. அங்க வர்ற ரிட்டர்ன், தன்னைக் கூப்பிட்ட ஃபங்ஷனுக்குத் திரும்பாது. கடைசியா ஸ்டாக் நிலையைச் சேமிச்ச ஃபங்ஷன்ல இருந்து வெளியேறும். இவ்வளவும் அங்கேயே எழுதியிருக்கு. அதுக்குக் கீழதான் அந்தப் பிரபலமான வரி. "பரீட்சைக்கு இது வராது" என்கிற தொனியில் எழுதினதுதான்னு டென்னிஸ் ரிட்சி பின்னாடி சொன்னார்.

அதோட நிறுத்தல. எங்களுக்கே அது சரியா புரிஞ்சிருக்கலன்னும் சொல்லிட்டார்! பிடிபி-11-க்கான சி கம்பைலர் எல்லா ஃபங்ஷனுக்கும் ரெஜிஸ்டர்களை ஒரே மாதிரிதான் சேமிக்கும். அதனால எந்த ஃபங்ஷன்ல இருந்து ரிட்டர்ன் ஆனாலும் கோடு ஓடிடுச்சு. யூனிக்ஸை இன்டர்டேட்டா மெஷினுக்குக் கொண்டுபோனப்போ, அந்த கம்பைலர் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் வேற வேற ரெஜிஸ்டர்களைச் சேமிச்சது. வித்தை அங்க பலிக்கல.

கோடு என்ன செய்யுதுன்னு கமென்ட் சொல்லிச்சு. எதை நம்பிச் செய்யுதுன்னு சொல்லல. எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம். "கம்பைலர் இப்படிச் சேமிக்கும்னு நம்பியிருக்கோம்" என்று ஒரு வரி இருந்திருந்தா, போர்ட் பண்றவங்க முதல்ல அங்கதான் கை வெச்சிருப்பாங்க. எழுதினவங்களுக்கே தெரியாததை எப்படி எழுதுவாங்கன்னு கேக்கலாம், நியாயம்தான். அப்பவும், "இங்க ஏதோ சிக்கல் இருக்கு" என்று அந்த இடத்துலயே கொடி நட்டுவெச்சாங்க பாருங்க, அதைக்கூடச் செய்யாத கோடுதான் நம்ம ஆபீஸ்கள்ல அதிகம்.

1979-ல் வந்த ஏழாம் பதிப்புக்காக அந்த முறையையே மாத்திட்டாங்க. ஆனா அந்தப் பதிப்போட லைசென்ஸ், சோர்ஸ் கோடை வகுப்புல பாடமா நடத்தக் கூடாதுன்னு தடை போட்டது. அதனால 1996-ல் லயன்ஸ் புத்தகம் முறைப்படி அச்சாகிற வரைக்கும், ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸா கைமாறினது பழைய ஆறாம் பதிப்புதான், அந்த 2238-வது வரியோட.