முதுமைச் செவிப்புலக் குறைவு

முதுமைச் செவிப்புலக் குறைவு என்பது வயது ஏறுவதால் உட்செவியிலும் கேள்நரம்பிலும் ஏற்படும் தேய்வின் விளைவாக, இரு காதுகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் மெல்ல உண்டாகும் கேட்கும் திறன் இழப்பு ஆகும். மருத்துவத்தில் இது பிரெஸ்பிகியூசிஸ் எனப்படுகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் 2021 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 60 வயதைக் கடந்தோரில் 65 விழுக்காட்டிற்கும் மேலானோர் ஏதேனும் ஓர் அளவில் இக்குறை உடையவர்கள்.

உட்செவியில் நிகழும் மாற்றங்கள்

நத்தை ஓடு போன்று சுருண்டுள்ள காக்ளியா என்னும் உறுப்பில், ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. இவை ஒலியதிர்வை நரம்புக் குறிகையாக மாற்றுகின்றன. பறவைகளில் இக்கலங்கள் அழிந்தாலும் மீண்டும் முளைக்கும், மனிதரில் முளைப்பதில்லை. சுருளின் அடிப்பகுதி உயர் அதிர்வெண் ஒலிகளையும் நுனிப்பகுதி தாழ் அதிர்வெண் ஒலிகளையும் உணர்கின்றன. தேய்வு பெரும்பாலும் அடிப்பகுதியிலேயே தொடங்குவதால் கீச்சொலிகளே முதலில் மறைகின்றன. கேள்நரம்பு இழைகள் குறைதலும், உட்செவி நீர்மத்தின் மின்னழுத்தத்தைப் பேணும் திசு நலிதலும் பிற காரணங்கள்.

அறிகுறிகள்

"சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்பதே முதியோரின் பொதுவான முறையீடு. உயிரொலிகள் தாழ் அதிர்வெண்ணில் வலுவாக ஒலிப்பவை. ச, த, ட போன்ற வல்லின ஒலிகளை வேறுபடுத்தும் கூறுகள் உயர் அதிர்வெண்ணில், வலுக்குறைந்து அமைந்தவை. எனவே 'பத்து' என்பதும் 'பட்டு' என்பதும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். உரக்கப் பேசுவதால் பயன் குறைவு. மெல்லிய ஒலி கேளாத அதே காதுக்கு, ஒலி சற்றே கூடியதும் அது பொறுக்க முடியாத இரைச்சலாகிவிடும். "ஏன் கத்துகிறாய்?" என்று முதியவர் சினப்பதன் காரணம் இதுவே. இதனை மறதி என்றோ பிடிவாதம் என்றோ வீட்டார் தவறாகக் கொள்வதுண்டு.

தென்காசி, குற்றாலப் பகுதியில்

பின்னணி இரைச்சலில் பேச்சைப் பிரித்தறிவது இக்குறையுடையோர்க்கு மிகவும் கடினம். சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியின் அருகே நிற்பவர் இதனை எளிதில் உணரலாம். அருவியின் ஓசை தாழ் முதல் உயர் வரை எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருப்பதால், நல்ல செவியினருக்கே அங்கு பேச்சு மூழ்கிவிடும். முதியவருக்கோ திருமண வீட்டின் இரைச்சலே அத்தகைய அருவி.

உட்செவியின் சமநிலை உறுப்பிலும் மயிர்க்கலங்கள் முதுமையில் குறைகின்றன. ஈரப் பாறைகளில் முதியோர் கால் இடறுவதற்குப் பார்வை, தசை வலுவுடன் இதுவும் ஒரு காரணம்.

2019 இல் உருவான தென்காசி மாவட்டத்தில் அடங்கும் சங்கரன்கோவில், விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். தறிக்கூடங்களின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். பல்லாண்டு இரைச்சலால் ஏற்பட்ட சேதத்துடன் முதுமையின் தேய்வும் சேரும்போது குறைபாடு முன்னதாகவே வெளிப்படும். 1962 இல் சாமுவேல் ரோசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அமைதியான சூழலில் வாழ்ந்த சூடானின் மபான் மக்களிடம் முதுமையிலும் செவித்திறன் நன்கு இருந்தமை கண்டறியப்பட்டது. ஆயினும் உணவு, மரபு ஆகியவற்றின் பங்கை இதிலிருந்து விலக்கிவிட இயலாது.

கையாளும் முறைகள்

இழந்த கலங்களை மீட்கும் மருந்து இல்லை. காதுக் குறும்பி, நடுச்செவி நோய் ஆகியவை உள்ளனவா என முதலில் பார்க்க வேண்டும். அவற்றால் வரும் குறை பெரும்பாலும் தீரக்கூடியது. பின்னர் செவித்திறன் சோதனை செய்து, 'காது மெஷின்' என வழங்கும் செவித்துணைக் கருவி பொருத்தப்படும். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள முதியோர்க்கு இக்கருவியை இலவசமாக வழங்கும் நடுவண் அரசின் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் 2017 இல் தொடங்கப்பட்டது. கருவியின் ஒலிக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். பலர் அதற்குள் அதனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். கருவியும் பயன்தராத கடும் இழப்பில் காக்ளியர் உட்பதியம் பொருத்தலாம்.

பேசுவோர் முகம் தெரிய எதிரில் நின்று, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, நிதானமாகப் பேசுதல் பயன்தரும். சொன்னது விளங்காவிடில் அதே சொல்லைத் திரும்பக் கூறுவதினும் வேறு சொல்லால் கூறுதல் நன்று.