நடவுக் கூலியின் கதை

எங்க அப்பாயி வெண்மணிச் சேதியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்குவாங்க. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறில் தலித் மக்கள் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான்.

அதன்பிறகுதான் அரசு கணபதியா பிள்ளை கமிஷனை அமைத்து, கீழத்தஞ்சையின் கூலி நிலவரத்தை விசாரித்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. 1976-ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று மத்திய அரசு சட்டம் போட்டது. வயலுக்கு அது வந்து சேரவில்லை.

2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை தொடங்கியபோது, நாகப்பட்டினம் மாவட்டம் முதல் பட்டியலிலேயே இருந்தது. அதில் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலி. எங்க ஊருக்கு அது வந்தப்ப, அப்பாவுக்குச் சமமாக் கூலி வாங்கிய அம்மா, வீட்டுக்கு வந்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாங்க.

ஆனால் எங்க ஊர் வயலில் இன்னமும் நாத்துப் பறிக்கிற ஆணுக்கு ஒரு கூலி; நாள் முழுக்கக் குனிந்து நடுகிற நமக்கு அதைவிடக் குறைவு. அப்பாயி காலத்தில் கூலி கேட்டால் உயிர் போச்சு. சகோதரிகளே, இப்ப நமக்குச் சட்டம் இருக்கு, கூட்டமைப்பு இருக்கு. அடுத்த குறுவை நடவுக்கு முன்னாடி ஒன்றாய்ச் சேர்ந்து கேட்போம்.