பெரியப்பாவின் தகரப் பெட்டி: கல்கத்தா, மானாம்பதி, மான்செஸ்டர்

இந்த எபிசோடை ஒரு தப்பை ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கும்போது, மானாம்பதியில் எங்க பெரியப்பா வீட்டுப் பரணில் இருந்த ஒரு பழைய இசைத்தட்டை 'நல்லா சுத்தம் பண்றேன்'னு சொல்லி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சேன். பஞ்சு கறுப்பாச்சு. அழுக்குதான் வருதுன்னு நினைச்சு இன்னும் அழுத்தித் தேய்ச்சேன். வந்தது அழுக்கு இல்லை, ரெக்கார்டு.

அந்தத் தட்டு 78 ஆர்.பி.எம். வகை. அது பிளாஸ்டிக் கிடையாது. ஷெல்லாக், அதாவது அரக்கு. பூச்சி மரத்தில் விடுகிற பிசினை எடுத்து, கல்பொடியும் கரியும் சேர்த்து, சூட்டில் அழுத்திச் செய்வது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது மரவேலை செய்யும் எல்லா ஆசாரிக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. "டேய், அது போச்சு. அடுத்ததைத் தொடாதே"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். அந்தத் தட்டில் என்ன இருந்ததுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. லேபிளும் சேர்ந்து அழிஞ்சுடுச்சு.

மானாம்பதி எங்கே இருக்குன்னு கேட்பீங்க. காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் பக்கம். உத்திரமேரூர் தெரியும்தானே? குடவோலைத் தேர்தல் கல்வெட்டு. சுமார் 1,100 வருஷத்துக்கு முன்னாடி, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று சுவரில் வெட்டி வைத்தது இன்னும் படிக்கிற நிலையில் இருக்கு. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், நாற்பது வருஷத்துக்கு முன்னாடி வாங்கின பாட்டு ஒரு பெட்டிக்குள்ளேயே வளைஞ்சு கிடக்குது.

பெரியப்பா மைக் செட் வைத்திருந்தவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டிஜே தெரியும், மைக் செட் தெரியாது. ஒரு ஆம்ப்ளிஃபையர், ரெண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு பிளேயர், ஒரு தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டு, எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போக ஒரு மாட்டு வண்டி. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாசக் கூழ் வார்த்தல் என்று எது நடந்தாலும் முதல் நாள் சாயங்காலமே குழாயை மரத்தில் கட்டிவிட வேண்டும். முதல் ரெக்கார்டு சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. அதுக்கப்புறம்தான் சினிமா. இந்த வரிசையை மாற்றினால் வீட்டுப் பெரியவங்க கூப்பிட்டுக் கேட்பாங்களாம்.

சரி, இதை ஏன் இப்போ சொல்றேன்? போன மாசம் பெங்களூரில் ஒரு சேகரிப்பாளரிடம் ரெண்டு எல்.பி. வாங்கினேன். ஒன்று, 1970-இல் வந்த ஒரு செக்கோஸ்லோவாகியா படத்தின் பின்னணி இசை. 'வேலரியும் அவள் அதிசய வாரமும்' என்று தலைப்பை மொழிபெயர்க்கலாம். இசை லுபோஷ் ஃபிஷர். இன்னொன்று 'சொல்ல சொல்ல', 1977 முதல் 1983 வரைக்குமான இளையராஜா பாட்டுகளின் தொகுப்பு. ரெண்டையும் வெளியிட்டது ஒரே கம்பெனி: ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ். மான்செஸ்டர் டிஜே ஆண்டி வோட்டல் நண்பர்களோடு சேர்ந்து 2005-இல் ஆரம்பித்த பிரிட்டிஷ் லேபிள். செக் நாட்டுப் பேய்க்கதையும் கோடம்பாக்கமும் ஒரே அலமாரியில் எப்படி வந்தது என்பதுதான் இன்னைக்குக் கதை.

முதலில் ஐரோப்பா. 1960, 70களில் இத்தாலியில் படங்கள் மழை மாதிரி வந்தன. என்னியோ மோரிக்கோனே பெயர் எல்லாருக்கும் தெரியும். 1966-இல் வந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' இசையை விசில் அடிக்கத் தெரியாதவர் உண்டா? ஆனால் அவரோடு சேர்ந்து டஜன் கணக்கில் ஆட்கள் வேலை பார்த்தாங்க. பியரோ உமிலியானி என்று ஒருவர். 1968-இல் சுவீடனைப் பற்றிய ஒரு கிளுகிளுப்புப் படத்துக்கு 'மானா மானா' என்று அர்த்தமில்லாத ஒரு பாட்டு போட்டார். அடுத்த வருஷமே அது அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சி செசமி ஸ்ட்ரீட்டுக்குப் போய்விட்டது. இன்னைக்கு யூடியூபில் பொம்மைகள் அதைப் பாடுவதைப் பார்த்திருப்பீங்க. எந்தப் படத்திலிருந்து வந்தது என்று பொம்மை ரசிகர்களுக்குச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

இந்த இசை பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1990களில் பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பானில் டிஜேக்களும் ரெக்கார்டு பைத்தியங்களும் பழைய கடைகளில் தோண்டி எடுத்தாங்க. 1995-இல் ஒரு பெர்லின் லேபிள், 1971-ஆம் வருஷத்து மலிவுப் பேய்ப்படம் ஒன்றின் இசையை மறுபடி வெளியிட்டது. படம் 'வாம்பைரோஸ் லெஸ்போஸ்'. படத்தைக் கேலி செய்தவர்களும் ரெக்கார்டை வாங்கினாங்க. பிறகு டரன்டினோ 'கில் பில்'லில் (2003) பழைய இத்தாலியக் கௌபாய் இசையை எடுத்துப் போட்டார். விலை ஏறியது. இத்தாலி தீர்ந்தால் செக், செக் தீர்ந்தால் துருக்கி, அப்புறம் பாகிஸ்தான், அப்புறம் நாம. தேடுகிற ஆளுக்கு எல்லை கிடையாது. டச்சு லேபிள் பாம்பே கனெக்‌ஷன், 1980களின் தமிழ்ப்பட சின்த் பாட்டுகளை 'ஃபயர் ஸ்டார்' என்று தொகுத்தது. சரண்ஜித் சிங் 1982-இல் பம்பாயில் சிந்தசைஸரில் ராகம் வாசித்த ரெக்கார்டை 2010-இல் மறுபதிப்பாக்கியதும் அதே லேபிள்தான்.

'நம்ம ஆட்களுக்கு அருமை தெரியலை, வெள்ளைக்காரன் வந்து சொல்ல வேண்டியிருக்கு' என்று இதைக் கேட்டதும் ஒரு புலம்பல் வரும். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. போக்குவரத்து ரெண்டு பக்கமும் இருந்தது. இத்தாலிக் கௌபாய் படங்கள் ஓடிய சூட்டில், இங்கே ஒளிப்பதிவாளர்-இயக்குநர் கர்ணன் 'காலம் வெல்லும்' (1970), 'ஜக்கம்மா', 'கங்கா' (ரெண்டும் 1972) எடுத்தார். தமிழ்க் குதிரை, தமிழ்த் துப்பாக்கி. 2010-இல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' கேலி செய்ததும் கும்பிட்டதும் இந்தப் பரம்பரையைத்தான்.

இன்னும் பின்னாடி போனால், நம் ரெக்கார்டு வரலாறே ஐரோப்பாவுக்குக் கப்பலேறித்தான் தொடங்குது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். இங்கே தட்டு அடிக்கும் வசதி இல்லை. மெழுகு மாஸ்டர் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய், ரெக்கார்டாகத் திரும்பி வந்தது. 1908-இல் கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை, பிறகு டம்டம். சென்னையில் ஏவி.மெய்யப்பன் படம் எடுப்பதற்கு முன்னாடி சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ரெக்கார்டு வியாபாரம் பண்ணினார். கூட்டாளி ஜெர்மன் கம்பெனி ஓடியன். வேடிக்கை என்னன்னா, மூலப்பொருளான அரக்கு வங்காளம், பீகார் பக்கத்துக் காட்டிலிருந்துதான் உலகத்துக்கே போனது. நம் பூச்சியின் பிசின் அங்கே போய், நம் பாட்டோடு திரும்பி வந்தது.

78-இல் ஒரு பக்கம் மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. நாடகமேடையில் அரைமணி நேரம் இழுத்துப் பாடினவர்கள் அதுக்குள்ளே அடக்கப் பழகிக்கொண்டாங்க. சினிமாப் பாட்டின் நீளம் அங்கேதான் முடிவாச்சு என்று சொல்லலாம். பிறகு வினைல் வந்தது. எல்.பி.யில் பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிஷம். ஆனால் தமிழ்ப் படப் பாட்டு பெரும்பாலும் ஏழு அங்குல ஈ.பி.யில்தான் வந்தது. நாலு பாட்டு, விலை குறைவு. பெரியப்பாவின் பெட்டியில் முக்கால்வாசி அதுதான். 'அன்னக்கிளி' (1976) ஈ.பி. மட்டும் மூணு இருந்தது. ஏன் மூணு என்று கேட்டேன். "ரெண்டு தேஞ்சு போச்சுடா."

தேயத்தான் செய்யும். மைக் செட் பிளேயரின் ஊசி கனம். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பள்ளத்தின் சுவரைக் கொஞ்சம் சீவிக்கொண்டே போகும். ஒரு முகூர்த்த நாளில் அதே பாட்டு எத்தனை முறை ஓடியிருக்கும்! ஐரோப்பாவில் சேகரிப்பாளர்கள் தேடுவது 'மின்ட்' நிலை, அதாவது யாரும் கேட்காத ரெக்கார்டு. எங்க ஊர்ப் பெட்டியில் இருப்பது ஊரே கேட்ட ரெக்கார்டு. அதுக்குச் சந்தையில் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். இது தெரியாமல்தான் நான் ஒரு காலத்தில் பெட்டியை விற்றுப் பணக்காரனாகலாம் என்று கணக்குப் போட்டேன்.

பாட்டைவிட எனக்கு அதிர்ச்சி தந்தது இன்னொன்று. பெட்டியில் அதிகமாகத் தேய்ந்தவை பாட்டே இல்லை, கதை-வசனத் தட்டுகள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' மாதிரி படங்களின் வசனத்தை மட்டும் தொகுத்து ரெக்கார்டாகப் போட்டாங்க. விடிய விடிய நடக்கும் கல்யாண வேலைக்கு நடுவில், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் குழாயில் சிவாஜியின் குரல் வரும். சமையற்கட்டில் காய் நறுக்குகிறவங்க கூடவே சொல்லுவாங்க. படம் பார்க்க உத்திரமேரூர் போக முடியாத பெண்களுக்கு அதுதான் சினிமா. 'விதி' (1984) வந்தபோது நீதிமன்ற வசனம் கேசட்டில் டீக்கடை டீக்கடையாக ஓடினது, உங்க அம்மாவைக் கேட்டால் சொல்லுவாங்க.

இப்போ 'சொல்ல சொல்ல'வைப் பாருங்க. அழகான தொகுப்பு, சந்தேகமில்லை. ஆனால் அது தேர்ந்தெடுத்தது மான்செஸ்டர் காதுக்குப் பிடித்த இளையராஜாவை: சின்த், ஃபங்க் பேஸ், டிஸ்கோ டிரம்ஸ். தாலாட்டும் ஒப்பாரியும் பின்னால் போய்விட்டன. வசனத் தட்டை எந்த லேபிளும் எடுக்கப்போவதில்லை. தமிழ் தெரியாத டிஜேக்கு அதில் ஒன்றும் இல்லை, தமிழ் தெரிந்தவருக்கு யூடியூபில் படமே இருக்கு. மறுபதிப்பு ஒன்றைக் காப்பாற்றும்போதே 'இதுதான் அந்தக் காலம்' என்று ஒரு படத்தையும் வரைந்துவிடுகிறது. இன்னும் இருபது வருஷம் கழித்து ஒருத்தர் 1980களின் தமிழ்நாட்டைக் காதால் தெரிந்துகொள்ள நினைத்தால், நாம எல்லாரும் டிஸ்கோ ஆடிக்கொண்டிருந்தோம் என்றுதான் நினைப்பார். உமிலியானிக்கும் இதேதான் நடந்தது. அவர் போட்ட படங்கள் ஏராளம், மிச்சம் நின்றது ஒரு பொம்மைப் பாட்டு.

இதைச் சொன்னதற்காக அந்த லேபிள்கள் மேல் கோபம் என்று எடுத்துக்க வேண்டாம். அவங்க காசு போட்டு வெளியிட்டாங்க. இங்கேயும் சும்மா இருக்கவில்லை. மும்பையில் இந்திய ரெக்கார்டு சேகரிப்பாளர் சங்கம் 1990-இலிருந்து இயங்குது. அங்கிருந்து 'யங் இந்தியா' லேபிள் தட்டுகள் பிரிட்டிஷ் லைப்ரரியின் திட்டம் ஒன்றின் கீழ் டிஜிட்டலாச்சு. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவின் 78 சேகரிப்பு பெரிய பெயர் பெற்றது. ஆனால் மைக் செட்காரர்களின் பெட்டியை யார் எடுக்கிறாங்க? கேசட் வந்ததும் ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பெட்டிகள் பரணுக்குப் போயின. 1990களின் நடுவில் இந்தியாவில் ரெக்கார்டு அடிப்பது ஏறக்குறைய நின்றேபோச்சு. 2024-இல்தான் மும்பைப் பக்கம் மறுபடி ஒரு ஆலை ஆரம்பிச்சிருக்கு. நடுவில் இந்தியக் கம்பெனிகளே ஐரோப்பாவில் அடித்துக் கொண்டுவந்தாங்க. செக் குடியரசில் லோடெனிட்ஸே என்ற சின்ன ஊரில் 1951-இலிருந்து ஓடும் ஜிஇசட் மீடியா, இன்னைக்கு உலகத்தின் மிகப் பெரிய வினைல் ஆலைகளில் ஒன்று. ஹனோவருக்குப் போன பாட்டு, நூறு வருஷம் கழித்து பக்கத்து நாட்டுக்குப் போகுது.

போன ஞாயிற்றுக்கிழமை 'சொல்ல சொல்ல'வை எடுத்துக்கொண்டு மானாம்பதி போனேன். பெரியப்பாவுக்கு எண்பதைத் தாண்டிடுச்சு, காது கொஞ்சம் மந்தம். சின்ன டர்ன்டேபிளை ஊஞ்சல் பக்கத்தில் வைத்துப் போட்டேன். ஒரு பக்கம் முழுக்க அசையாமல் கேட்டார்.

"எப்படி இருக்கு பெரியப்பா?"

"சத்தம் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இந்த பேஸைக் கோன்ல போட்டா உடையும். கிராமத்துக்கு ஆகாது." உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன விலை?" என்றார். சொன்னேன். அந்தக் காசுக்கு அப்போ ஒரு மைக் செட்டே வாங்கலாம் என்றார்.

அப்புறம் பெட்டியைத் திறந்தோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் சாய்த்து வைத்ததால் பல தட்டு வளைஞ்சிருக்கு. மொத்தம் 112. ஓடுகிற நிலையில் 67. இந்த முறை ஸ்பிரிட் பக்கமே போகவில்லை. 78-க்கு வெறும் ஈரத்துணி. வசனத் தட்டுகளை முதலில் எடுத்து, கரகரப்பைக் குறைக்காமல் அப்படியே கம்ப்யூட்டரில் பதிவு பண்ணிக்கொண்டிருக்கிறேன். சில இடத்தில் ஊசி ஒரே வார்த்தையில் சிக்கித் திரும்பத் திரும்பச் சொல்லும். அங்கே பெரியப்பா கை தானாக நீண்டு, ஊசியை ஒரு விரலால் லேசாகத் தள்ளும்.

'திருவிளையாடல்' உறை இருக்கு, உள்ளே தட்டு இல்லை. 1980களில் பக்கத்து ஊர் மைக் செட்காரர் ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போனது என்கிறார். உங்க வீட்டுப் பரணில், தாத்தா பெட்டியில், உறையில்லாத ஒரு வசனத் தட்டு இருந்தால் எங்களுக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்க. துடைக்காமல்.