பெட்டியடியிலிருந்து விலாசம் வரை: நகரத்தாரின் கடல்கடந்த வணிகத்தில் தனித்தொழில் தொடங்கிய முறை

ஆய்வுச்சுருக்கம்

சம்பளத்திற்குப் பணியாற்றிய ஒருவர் தம் பெயரில் தொழில் தொடங்குவதைத் துணிவு, தன்னம்பிக்கை முதலிய தனிமனிதக் குணங்களின் விளைவாகக் காண்பது இன்றைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1942 வரை பர்மாவிலும் மலாயாவிலும் இலேவாதேவித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் நடைமுறை இவ்விளக்கத்திற்கு மாறான சான்றுகளைத் தருகிறது. அங்குத் தனித்தொழில் என்பது பயிற்சி, ஒப்பந்தம், வைப்புநிதி ஆகிய மூன்றும் படிப்படியாக உருவாக்கிய நிலையாகும். அந்நிலையை அடைவதற்கான வழி யாருக்குத் திறந்திருந்தது, அதன் சுமையை யார் ஏற்றனர் என்பவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நகரத்தார், இலேவாதேவி, அடுத்தாள், விலாசம், ஆச்சிமார் பணம், பர்மா.

முன்னுரை

1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐராவதி வடிநிலத்து அரிசிக்கு உலகச் சந்தையில் தேவை பெருகியது. காடு திருத்தி நெல் பயிரிட்ட உழவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது; ஐரோப்பிய வங்கிகள் அவர்களிடம் நேரடியாகச் செல்லவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள் நகரத்தார். 1930ஆம் ஆண்டின் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அறிக்கை, அம்மாகாணத்தில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தனவென்றும் அவற்றில் ஈடுபட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

சாதி அமைப்பையே நிதி நிறுவனமாக இயக்கிய முறையை டேவிட் ருட்னர் 1994இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக விளக்கியுள்ளார். இத்தனை கடைகளுக்கும் முதலாளிகளும் மேலாட்களும் எவ்வாறு உருவாயினர் என்ற வினாவை அவ்விளக்கத்தின் துணையோடு அணுகலாம்.

பயிற்சியின் படிநிலைகள்

திண்ணைப்பள்ளியில் எண்ணும் எழுத்தும் கற்ற சிறுவன் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பணப்பெட்டியின் அருகிலிருந்து ஏவல் செய்வதும் கணக்கு எழுதப்படுவதைப் பார்ப்பதும் அவன் வேலை. அடுத்த நிலை அடுத்தாள். சிட்டை, பேரேடு எழுதுவது, கடன் வாங்கியோரின் நிலத்தையும் விளைச்சலையும் நேரில் கண்டறிவது, வசூல் செய்வது ஆகியவை அடுத்தாளின் பொறுப்பு. அவனுக்கு மேலே கடையின் முழுப்பொறுப்பையும் ஏற்றவர் மேலாள். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய பெயரில் கடன் கொடுக்கவும் வாங்கவும் வழக்காடவும் மேலாளுக்கு அதிகாரப்பத்திரம் வழங்கப்படும்.

இப்பணி பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் அமைந்தது. அத்தவணைக்கே ‘கணக்கு’ என்று பெயர். சம்பளச்சீட்டில் ஊதியம் குறிக்கப்படும். அதில் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாகத் தரப்படும். கணக்கு முடிந்ததும் மேலாள் ஐந்தொகையைத் தீர்த்து, அடுத்து வருபவரிடம் கடையை ஒப்படைத்து ஊர் திரும்புவார். இலாபம் இருப்பின் அதில் ஒரு பங்கும் அவருக்குக் கிடைக்கும்.

மேலாள் பிறர் முதலைக் கொண்டு முழுத்தொழிலையும் நடத்தினார். கடன்தாரரின் நாணயத்தை அளப்பதிலும் வட்டியை உறுதிசெய்வதிலும் முடிவு அவருடையதே. ஆயினும் மூன்றாண்டு முடிவில் அம்முடிவுகள் அனைத்தும் ஐந்தொகையாக முதலாளியின் முன் வைக்கப்பட்டன. ஆகவே தனியே தொழில் தொடங்கும் முன்னரே ஒருவருடைய திறன் எழுத்துவடிவில் பதிவாகியிருந்தது. அவருக்குப் பின்னாளில் கடன் கொடுப்போர் நம்பியது இந்தப் பதிவையே.

விலாசமும் வைப்புநிதியும்

தனித்தொழிலின் அடையாளம் விலாசம். குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளால் அமையும் விலாசமே கடையின் பெயராகவும் அதன் நாணயத்தின் குறியீடாகவும் விளங்கியது. புதிய விலாசம் தொடங்குபவர் தம் சேமிப்பான முதற்பணத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. உறவினர் வைத்த மேம்பணம், கோவில் பணம், பெண்களின் சீதனத் தொகையான ஆச்சிமார் பணம் ஆகியவை வைப்புகளாக வந்து சேர்ந்தன. இவ்வைப்புகளுக்கான நடப்பு வட்டியை இரங்கூன் நகரத்தார் கூடி மாதந்தோறும் உறுதிசெய்தனர். எனவே புதிதாகத் தொடங்கியவர் பணத்தைப் பெறும் விலையும் முறையும் முன்னரே அமைந்திருந்தன.

குடும்ப அமைப்பும் இதற்குத் துணைநின்றது. திருமணமான ஆண் ‘புள்ளி’ எனப் பதிவுபெற்றுக் கோவிலுக்குப் புள்ளிவரி செலுத்தினார். ‘வேறுவைத்தல்’ என்னும் வழக்கப்படி மணமக்கள் பெற்றோரின் வீட்டிலேயே தனி அடுப்பும் தனி வரவுசெலவும் கொண்டு வாழ்ந்தனர். ஒரே வளவில் வாழ்ந்தும் கணக்கில் தனித்து நிற்கும் இப்பழக்கம், தனித்தொழிலுக்கான பயிற்சியை இல்லத்திலேயே தொடங்கிவைத்தது எனலாம்.

வழியின் எல்லைகள்

இப்படிநிலையை நெகிழ்ச்சியான ஏணியாக மட்டும் காண்பது பிழையாகும். நகரத்தார் அல்லாத பிற சமூகத்தினரும் வட்டிக்கடைகளில் பணியாற்றினர். சிலர் சொந்தக் கடையும் வைத்தனர். இளம் வயதில் மேடான் சென்று பணியாற்றிய ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவல் இவ்வுலகைக் காட்டும் அரிய இலக்கியச் சான்று. அதில் தொழிலில் தேர்ந்த அடுத்தாளான செல்லையா பட்டாளத்தில் சேர்ந்து திரும்பியதும், அவன் இனி வட்டித்தொழிலுக்கு ஆகமாட்டான் என்று முதலாளி கருதுகிறார். மகளைத் தர மறுக்கிறார். திறமை மட்டுமே வாரிசுரிமையைத் தரவில்லை என்பதையும், முதலாளியின் மனத்திலிருந்த ‘தொழிலுக்கு ஏற்ற ஆள்’ என்னும் அளவுகோல் எத்தனை குறுகியது என்பதையும் இப்புனைவு உணர்த்துகிறது.

பெண்களின் நிலை இன்னும் கூர்மையானது. ஆச்சிமார் பணம் கடைகளின் மூலதனமாயிற்று. ஆனால் அப்பணத்திற்கு உரிய பெண்கள் பெட்டியடிக்கோ மேலாள் பதவிக்கோ வரும் வழி இல்லை. கணவர் கடல் கடந்திருந்த மூன்றாண்டுகளில் இல்லத்தையும் சடங்குகளையும் நடத்தியவர்கள் அவர்களே. அவ்வுழைப்பு எந்த ஐந்தொகையிலும் இடம்பெறவில்லை.

பர்மிய உழவர்களின் இழப்பு இவற்றினும் பெரிது. 1930களின் பெருமந்தத்தில் நெல்விலை வீழ்ந்தபோது கடனை அடைக்க முடியாத உழவர்களின் நிலங்கள் கடைகளின் வசமாயின. கீழ்ப்பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தாரிடமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. பணத்தை நிலமாக மாற்றுவது அவர்களின் தொழில்நோக்கம் அன்று. நிலத்தில் முடங்கிய முதல் வட்டி ஈட்டாது. எனினும் நிலமிழந்த உழவருக்கு இவ்வேறுபாடு பொருளற்றது. 1942இன் சப்பானியப் படையெடுப்பும் 1948இன் நிலத் தேசியமயச் சட்டமும் அவ்வணிகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன.

1937 பிப்ரவரி 10இல் மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடங்களிலும் ஒரே நாளில் செயல்படத் தொடங்கியது. விலாசத்தின் நாணயம் பங்குமூலதன வங்கியின் வடிவத்திற்கு மாறிய தருணங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

நகரத்தாரிடையே தனித்தொழில் தொடங்கியவர், உண்மையில், தனியாகத் தொடங்கியவர் அல்லர். பிறர் முதலில் பிழைசெய்து கற்க மூன்றாண்டுத் தவணைகளும், திறனை மெய்ப்பிக்க ஐந்தொகையும், கடன் பெற வைப்புநிதியும் அவருக்கு வாய்த்திருந்தன. துணிவு இருந்தது, ஆனால் அத்துணிவைத் தாங்கும் அமைப்பு அதற்கு முன்னரே இருந்தது. அவ்வமைப்பு சிலரை உள்ளே ஏற்றதைப் போலவே பலரை வெளியே நிறுத்தியது. அதன் இழப்பை முதலாளியோடு உழவரும் சுமந்தனர். எனவே தொழில்முனைவின் வரலாற்றை எழுதுவோர் ‘துணிந்தவர் யார்’ என்ற வினாவோடு நின்றுவிடலாகாது. அவர் எவருடைய பணத்தில் பயின்றார், தவறியபோது எவர் நிலம் போயிற்று என்ற வினாக்களும் உடன் எழுப்பப்பட வேண்டும். இன்று தொழில்முனைவுப் பயிற்சியை ஊக்கவுரைகளாகச் சுருக்கும் கல்விச் சூழலுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.