பலகையில் எண்ணிய வெள்ளி

திருவனந்தபுரத்தின் தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கினால், பத்மநாபசுவாமி கோயில் அதிக தூரமில்லை. அந்தத் தெய்வத்தின் சங்குதான் திருவிதாங்கூர் நாணயங்களின் முத்திரை. நாணயச் சாலைக்கு அங்கே பெயர் 'கம்மட்டம்'.

அங்கே அடித்த 'சக்கரம்' என்ற வெள்ளிக் காசு மிகச் சிறியது. எடை அரை கிராம்கூட இல்லை. விரலால் எண்ணி மாளாது. அதற்காகவே வந்தது சக்கரப் பலகை: மரப்பலகை நிறையக் குழிகள். காசுகளை அள்ளிப் போட்டு அசைத்தால் குழிக்கு ஒன்றாக அமரும். மிச்சத்தை வழித்துவிட்டால் தொகை தெரியும். சேகரிப்பாளர்கள் காசோடு இந்தப் பலகையையும் தேடுவது நியாயமே.

கணக்கு தனி: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரை சக்கரம்! அந்த அரைச் சக்கரத்தில் ஒரு சமஸ்தானத்தின் தனித்தன்மை இருந்தது. 1888இல் வந்த அஞ்சல் தலைகளிலும் விலை சக்கரத்தில்தான்.

1949இல் திருவிதாங்கூர், கொச்சியோடு இணைந்தது. சக்கரத்தின் காலமும் முடிந்தது.

பழைய வெள்ளிக் காசுகளை உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனையின் நாணய அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.