பச்சை ஊசியும் மையில்லா ஊசியும்

தமிழகத்தில் தோலை ஊசியால் குத்தி அழகுபடுத்தும் பச்சைகுத்தும் தொழில் நெடுங்காலம் பெரும்பாலும் குறவர் சமூகப் பெண்களின் கைகளில் இருந்தது. அகத்தி இலையையும் மஞ்சள்பொடியையும் துணியில் வைத்துச் சுருட்டிய திரியை ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து, சேர்த்துக் கட்டிய தையல் ஊசிகளால் அதை மேல்தோலுக்கு அடியிலுள்ள உள்தோலில் அவர்கள் இறக்கிய முறையை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவுசெய்தார். கரியின் நுண்மையையும் குத்தின் ஆழத்தையும் கையுணர்வாலேயே அறிந்த இத்திறன் தோல் மருத்துவ வரலாறுகளில் உரிய இடம் பெறாதது பெருங்குறையே. ஊசியால் தோலைக் குத்துவது பின்னர் மருத்துவத்திலும் பயன்பட்டது: 1997இல் கனடாவின் கமிரான், டூசே ஆகியோர் பச்சைகுத்தும் கருவியை மையின்றி இயக்கித் தழும்புகளைச் சீராக்கிய அனுபவத்தை வெளியிட்டனர். நுண்துளைகளை ஆற்றும்போது உடல் கொலாஜன் என்னும் தாங்குபுரதத்தைப் புதிதாக உருவாக்குவதைப் பயன்படுத்தும் மைக்ரோநீட்லிங், அதாவது நுண்ணூசிச் சிகிச்சை, இத்தகைய முயற்சிகளிலிருந்தே வளர்ந்தது.