மைசூர் ஜாவாவும் அதன் மறுபிறவியும்: ஒரு மோட்டார் சைக்கிளின் உருவமும் வரலாறும்

பழைய ஜாவா வண்டியின் இடப்பக்கத்தில் ஒரே ஒரு நெம்புகோல்தான் உண்டு. வண்டியைக் கிளப்புவதும் அதுவே. கியரை மாற்றுவதும் அதுவே. உதைத்துக் கிளப்பியபின் அதனை முன்னோக்கித் திருப்பிவிட்டால் கியர் மிதியாகிவிடும். கியரை மிதிக்கும்போதே கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருந்தது. 2018இல் அதே பெயரில், ஏறத்தாழ அதே தோற்றத்தில் வெளிவந்த புதிய ஜாவாவில் இந்த நெம்புகோல் இல்லை. பழமையின் சாயலில் செய்யப்படும் ஒரு பொருள் கடந்த காலத்திலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்ற கேள்விக்கு இந்த இன்மை நல்லதொரு தொடக்கம்.

1929இல் பிராகாவில் ஃபிராந்திஷெக் யானெச்செக் தொடங்கிய நிறுவனம் ஜாவா. தம் பெயரின் முதல் அசையையும், தாம் உரிமம் பெற்ற ஜெர்மானிய வாண்டரர் நிறுவனப் பெயரின் முதல் அசையையும் இணைத்து அவர் அப்பெயரை அமைத்தார். இந்தியாவில் இவ்வண்டிகளை இறக்குமதி செய்து விற்றுவந்தவர்கள் பம்பாயின் இரானி குடும்பத்தார். 1950களில் அந்நியச் செலாவணி நெருக்கடியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இறுகியபோது, உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வது ஒன்றே வழியாயிற்று. இவ்வாறு மைசூரின் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை எழுந்தது. 1961இல் உற்பத்தி தொடங்கியது.

இதனைத் தனியொரு தொழில்முனைவின் கதையாக மட்டும் படிப்பது போதாது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அரசு உரிமம் தேவைப்பட்ட காலம் அது. வெளிநாட்டுத் தொழில்நுட்பம் உள்நாட்டு உற்பத்தியாக மாற்றப்பட வேண்டும் என்பது கொள்கை. சென்னையில் ஆங்கிலேய என்ஃபீல்டு, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தில் போலந்து வடிவமைப்பைத் தழுவிய ராஜ்தூத், மைசூரில் செக்கோஸ்லோவாக்கிய ஜாவா என அக்காலத்து மோட்டார் சைக்கிள்களின் மூலங்களே ஓர் உலக வரைபடத்தைத் தருகின்றன. திருச்சிராப்பள்ளி பெல் கொதிகலன் ஆலை செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்புடன் அமைந்ததும் இதே பத்தாண்டில்தான். பனிப்போரின் இரு அணிகளோடும் உறவு வைத்திருந்த ஒரு நாட்டின் தொழிற்கொள்கை, வீதியில் ஓடிய வண்டிகளிலும் தெரிந்தது.

அந்த வண்டியின் இயல்பு என்ன? 248.5 சிசி கொள்ளளவு கொண்ட, காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் இருவீச்சு எஞ்சின், ஏறத்தாழ 12 குதிரைத்திறன், 4 கியர்கள், இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ஆகவே புகை அதன் உடன்பிறப்பு. சிலிண்டரில் புகை வெளியேறும் வாய்கள் இரண்டு இருந்தமையால், பக்கத்திற்கொன்றாக இரண்டு சைலன்சர்கள் அமைந்தன. அந்த இரட்டைக் குழல் அழகுக்காக ஏற்பட்டதன்று. எஞ்சினின் அமைப்பிலிருந்து விளைந்தது.

1973 முதல் அவ்வண்டிகள் யெஸ்டி என்ற பெயரைத் தாங்கின. 1980களின் நடுவில் சூழல் மாறியது. ஒசூரில் டிவிஎஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுசுகி, எஸ்கார்ட்ஸோடு யமஹா, ஹீரோவோடு ஹோண்டா, பஜாஜோடு கவாசாகி என ஜப்பானிய 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. எடை குறைவு, விலை குறைவு, எரிபொருள் சிக்கனம் ஆகியவற்றோடு போட்டியிட 250 சிசி வண்டியால் இயலவில்லை. 1990களில் புகை வெளியேற்ற விதிகள் இறுகியபோது இருவீச்சு எஞ்சினின் நிலை மேலும் கடினமாயிற்று. 1996இல் மைசூர் ஆலை மூடப்பட்டது; பின்னர் நிறுவனம் நீதிமன்றத்தின் வழியே கலைப்புக்குச் சென்றது.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2018 நவம்பர் 15 அன்று, மஹிந்திராவைப் பெரும்பங்குதாரராகக் கொண்ட கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் புதிய ஜாவாவை மும்பையில் அறிமுகம் செய்தது. 293 சிசி நான்குவீச்சு எஞ்சின், திரவக் குளிர்விப்பு, 27 குதிரைத்திறன், 6 கியர்கள், முன்சக்கரத்தில் ஏபிஎஸ் என அதன் தொழில்நுட்பத்தில் பழைய வண்டியின் தடயம் ஏதுமில்லை. தடயம் முழுவதும் மேற்பரப்பில்தான். மெரூன் நிறம், குரோமியம் பூசிய டேங்க், முட்டை வடிவ எஞ்சின் உறை ஆகியவை மூலத்தை நினைவூட்டுகின்றன. திரவத்தால் குளிரும் எஞ்சினின் சிலிண்டர்மீது காற்றால் குளிரும் எஞ்சினுக்குரிய துடுப்புகளும் வரையப்பட்டாற்போல் நிற்கின்றன.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது அந்த இரட்டைக் குழல். பழைய வண்டியில் காரணமாக இருந்தது புதிய வண்டியில் அடையாளமாகிவிட்டது. ஒற்றைச் சிலிண்டர் நான்குவீச்சு எஞ்சினுக்கு ஒரு குழலே போதும். ஆயினும் 2020இல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபோதும் இரண்டாம் குழல் கைவிடப்படவில்லை. அதனைக் காப்பாற்றுவதற்கெனவே எஞ்சினின் வெளியேற்ற அமைப்பு திருத்தப்பட்டு, 'கிராஸ் போர்ட்' என்ற பெயரில் விளம்பரமும் செய்யப்பட்டது. முன்பு பொறியியல் தோற்றத்தை ஈன்றது. இப்போது தோற்றம் பொறியியலை ஏவுகிறது. பழமைச் சாயல் என்பதன் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

2024 ஜனவரியில் வந்த ஜாவா 350 இக்கதையில் மேலுமொரு திருப்பம். எஞ்சின் 334 சிசியாகப் பெருத்தது. ஆனால் குதிரைத்திறன் 27இலிருந்து 22.5 ஆகக் குறைந்தது. முறுக்குவிசை ஏறத்தாழ 28 நியூட்டன் மீட்டர் என்ற அதே அளவில் நின்றது. சக்கரங்களுக்கிடையேயான நீளம் 1369 மில்லிமீட்டரிலிருந்து 1449 ஆகக் கூடியது. எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இது பின்னடைவு. வரலாற்றோடு பார்ப்பவருக்கோ வேறொன்று புலப்படும். 2018ஆம் ஆண்டு வண்டி பழைய உடலுக்குள் நிகழ்காலத்தின் துடுக்கான எஞ்சினை வைத்திருந்தது. 2024ஆம் ஆண்டு வண்டி உச்சத் திறனை விட்டுக்கொடுத்து நிதானத்தை வாங்கிக்கொண்டது. முதல் மறுபிறவி மூலத்தின் முகத்தை நகலெடுத்தது. இரண்டாவது அதன் நடையை நாடியது.

ஆனால் எந்த மறுபிறவியிலும் திரும்பாத ஒன்று உண்டு. புதிய ஜாவா மைசூரில் செய்யப்படுவதில்லை. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் செய்யப்படுகிறது. மரபு என்று விற்கப்படுவது பெயரும் வடிவமும் மட்டுமே. அவற்றை உருவாக்கிய ஆலையும், அங்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கடைசல் பொறிகளிலும் வார்ப்படங்களிலும் உழைத்த கைகளும் அந்த மரபின் கணக்கில் சேர்வதில்லை. யெஸ்டி என்ற பெயர் யாருக்குரியது என்ற வழக்கு இதனைக் கூர்மையாக்கியது. அப்பெயர் கலைப்பிலுள்ள பழைய நிறுவனத்திற்கே உரியது என்று 2022 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார்; வழக்கு மேல்முறையீட்டிற்குச் சென்றது. சட்டத்தின் முன் நின்ற கேள்வி வணிகப் பெயரின் உடைமை பற்றியது. அதன் அடியில் வரலாற்றின் கேள்வியொன்று கிடக்கிறது: ஒரு நிறுவனம் மடிந்தபின் அதன் நற்பெயர் உயிரோடிருந்தால், அந்த உயிரைக் காத்தவர் யார்?

1996க்கும் 2018க்கும் இடையில் ஜாவாவை உயிரோடு வைத்திருந்தவை விளம்பரங்கள் அல்ல. உதிரிபாகம் கிடைக்காதபோது கடைந்தெடுத்துப் பொருத்திய மெக்கானிக்குகளும், பழைய வண்டியை விற்க மனமில்லாத உரிமையாளர்களும், பெங்களூரிலும் மைசூரிலும் பிற நகரங்களிலும் கூடிய ஆர்வலர் குழுக்களுமே. அவர்களுடைய அறிவு பெரும்பாலும் எழுதப்படாதது. அந்த நெம்புகோலை எந்தக் கோணத்தில் உதைக்க வேண்டும், எஞ்சினின் ஓசையில் எந்தப் பிசிறு எந்தப் பழுதைக் குறிக்கும் என்பதெல்லாம் கையிலும் காதிலும் தங்கியிருப்பவை.

இந்தியத் தொழில் வரலாற்றை எழுத முனைவோர் கொள்கை ஆவணங்களையும் நிறுவன அறிக்கைகளையும் நாடுவது இயல்பு. அவற்றோடு பொருளையும் ஒரு சான்றாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இவ்விரு வண்டிகளும் எடுத்துக்காட்டு. யாதவகிரி ஆலையின் தொழிலாளர் நினைவுகளும் பழைய மெக்கானிக்குகளின் கைப்பழக்கமும் இன்று முதுமையில் இருக்கின்றன. வடிவத்தை இன்னொரு முறையும் வார்த்துவிடலாம்; அந்த நினைவுகளைப் பதிவு செய்வதற்கான காலமோ குறைந்துகொண்டே வருகிறது.